ரயில்வே கீமேனாக இருந்த எங்க ஐயாவுக்கு நினைவு மலர்: வருஷப்படி எழுதுவதா, காற்றுப்படி எழுதுவதா?

வலசைப்பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் உச்சிப்புளி பக்கம், வடகடல் (பாக் ஜலசந்திப் பக்கத்துக் கடல்) ஓரத்தில் ஒரு வலசை, அதாவது சிற்றூர். இப்போது கோயம்புத்தூரில் வேலை. எங்க ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 2024 கார்த்திகையில் தவறிவிட்டார். வயது 83. வருகிற கார்த்திகையில் முதல் வருஷத் திதி. முச்சந்தியில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்து, தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டு, கீழே பேரன் பேத்திகள் பெயரை வரிசையாகப் போடலாம் என்று சித்தப்பாவும் அத்தைமாரும் சொல்கிறார்கள். அது இருக்கட்டும். கூடவே முப்பது பக்கத்துக்காவது ஒரு நினைவு மலர் வேண்டும் என்று நான் கேட்டேன். அப்பா சரி என்றுவிட்டார். எழுதுகிற பொறுப்பு என்னுடையது.

காகிதப்படி சொன்னால் ஐயாவின் கதை ரொம்பச் சின்னது. 1941-ல் பிறந்தார். கரைவலை இழுக்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவருக்கு 23 வயது. பாம்பன் ரயில் பாலத்தைச் சரிசெய்ய ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தார். அப்படியே ரயில்பாதையைப் பராமரிக்கிற கேங்கில் கேஷுவலாக இருந்து, நிரந்தரமாகி, பாதையை நடந்தே சோதிக்கிற கீமேன் ஆகி, 2001-ல் ஓய்வு பெற்றார். சர்வீஸ் தாள்கள் கொஞ்சம், பென்ஷன் புத்தகம், ஒரு குரூப் போட்டோ. இவ்வளவுதான் வீட்டில் இருக்கிறது. கடிதம், டைரி எதுவும் கிடையாது.

ஆனால் எனக்குத் தெரிந்த ஐயா அந்தத் தாள்களில் இல்லை. அவரை வீட்டுக்குள் பார்த்த ஞாபகமே எனக்குக் குறைவு. சாப்பாடு திண்ணையில். படுக்கை வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில். மழை வந்தால்தான் கட்டில் தாழ்வாரத்துக்கு ஏறும், அதுவும் அப்பத்தா சத்தம் போட்ட பிறகு. ஓய்வு பெற்றும் நடை நிற்கவில்லை. விடியுமுன்னே கிளம்பிவிடுவார். ரயில்பாதை ஓரத்து ஒற்றையடித் தடம், அப்புறம் உடைமரக் காடு, அப்புறம் அரியமான் பக்கத்துக் கரை. லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளில் யார் முழித்திருக்கிறோமோ அவர்களையும் கூட்டிக்கொள்வார். அப்போது மீட்டர்கேஜ் பாதைதான். தூரத்தில் யாராவது சாவி (தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு ஆப்பு) அடிக்கிற சத்தம் கேட்டால் சட்டென்று நின்றுவிடுவார். "கேளு, இது இறுகிப்போச்சு, 'டங்'குனு வருது. அடுத்தது கேளு, அமுங்குது பாரு, தளர்ந்த சாவி" என்பார். ஆள் கண்ணுக்கே தெரியாத தூரம். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். அவருக்கு ஒவ்வொன்றும் வேறு.

கரைக்குப் போனால் தூண்டில். ஓரா மீன் மாட்டினால் எங்களைத் தொடவே விடமாட்டார். தோளில் கிடக்கிற துண்டை நனைத்து மீன்மேல் போடுவார். தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகக் கையை அழுத்தித் தடவிக்கொண்டே போவார், விரிந்து நிற்கிற முதுகுமுள் எல்லாம் அப்படியே படுத்துவிடும். அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றுவார். அவசரமே இருக்காது. அவ்வளவு நேரமும் மீனோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். என்ன பேசுவார் என்று இப்போது யோசித்தால் ஒரு சொல்லும் நினைவில்லை, குரல் மட்டும் இருக்கிறது.

ஒருமுறை தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனார். தார்ச்சாலை 2017-ல்தான் வந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில், மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டே போகவேண்டும். இடிந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு எங்களுக்குத் தாகம். ஐயா இரண்டு பக்கமும் கடல் இருக்கிற அந்த மணலில் உட்கார்ந்து கையாலேயே தோண்டினார். கொஞ்ச ஆழத்தில் மணல் நிறம் மாறியது, அடியில் கலங்கலாக ஊறியது. முதலில் ஊறியதை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்ததும் சிரட்டையால் மொண்டு கொடுத்தார். நல்ல தண்ணீர். தம்பி இன்னும் ஆழமாகத் தோண்டப் போனான், கையைப் பிடித்துவிட்டார். "மழைத் தண்ணி மேல நிக்குது, உப்புத் தண்ணி கீழ நிக்குது. ஆசைப்பட்டுத் தோண்டுனா ரெண்டும் கலந்துரும்." அதைக் கேட்டபோது நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தேன். பின்னாளில் காலேஜில் நிலத்தடி நீர் பாடம் நடத்தும்போது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

பனையைச் சொல்லாமல் விடமுடியாது. ஓய்வு பெற்ற வருஷத்திலிருந்து புரட்டாசி ஆனால் பனங்கொட்டை பொறுக்கிச் சேர்த்து ஊருணிக் கரையில் புதைப்பார். அவற்றில் சில இப்போது குலை தள்ளிவிட்டன. அவர் இருக்கும்போதே முதல் நுங்கை வெட்டிக் கொடுத்தோம், அந்தச் சந்தோஷம் எங்களுக்கு உண்டு.

இப்போது என் கேள்விகள். பாம்பன் ரோடு பாலத்தில் பஸ் போகும்போது தெற்கே கையை நீட்டித் தீவுகளின் பெயரை வரிசையாகச் சொல்வார். எனக்குக் குருசடை, மனோலி, முயல் தீவு மட்டும் ஞாபகம் இருக்கிறது. மீதி என்ன? சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்வார், எது எந்தத் திசை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1965-ல் பாலம் சரிசெய்த வேலை பற்றி யாருக்காவது தெரியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படி வாழ்ந்த மனிதரைப் பற்றி எப்படி அடுக்கி எழுதுவது? பிறப்பு, வேலை, கல்யாணம், ஓய்வு என்று வருஷப்படி போனால் அவர் அதில் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் வருஷத்தைக் காற்றை வைத்துத்தான் சொல்வார். அத்தை பிறந்தது "வாடை அடங்குன மாசம்". அப்பா கல்யாணம் "சோழகம் எடுத்து ரெண்டாம் வாரம்".

தென்கடல் எழுதியது:

தங்கச்சி, தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். படிக்கும்போது எங்க தாத்தா முகம்தான் வந்தது.

தீவுகள் முதலில். பாம்பன் பக்கமிருந்து மேற்கே போனால் சிங்கில் தீவு, குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு. மண்டபம் கூட்டத்தில் இந்த ஏழு. தூத்துக்குடி வரைக்கும் மொத்தம் 21 என்பது கணக்கு, அதில் மேற்கே இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-ல் தேசியப் பூங்கா ஆன பிறகு அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. உங்க ஐயா இளவட்டமாக இருந்த காலத்தில் வத்தையில், சின்னப் படகில் போய் இறங்கியிருப்பார். வரிசையாகச் சொன்னார் என்றாலே போய் வந்த ஆள் என்றுதான் அர்த்தம்.

காற்று: வாடை வடக்கே இருந்து, கொண்டல் கிழக்கே இருந்து, சோழகம் தெற்கே இருந்து, கச்சான் மேற்கே இருந்து. எங்களுக்கு இது வானிலைச் செய்தி மாதிரி கேட்டுவிட்டு விடுகிற விஷயம் இல்லை, பிழைப்பே இதில்தான். வாடைக் காலத்தில் வடகடல் மோசமாக இருக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) அடங்கிக் கிடக்கும். சோழகம் எடுத்தால் தலைகீழ். தனுஷ்கோடி ஆட்கள் காற்று மாறினால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாறிக்கொள்வார்கள். வடகடலைப் பெண் கடல், தென்கடலை ஆண் கடல் என்று சொல்கிற வழக்கமும் உண்டு.

ஓரா முள் குத்தினால் கை விண்விண் என்று தெறிக்கும், முள்ளில் விஷம் உண்டு. பொறுக்கிற சூட்டில் சுடுதண்ணீரில் கையை வைத்தால் வலி இறங்கும். ஐயா துண்டு போட்டுப் பிடித்த விதத்தை மலரில் கட்டாயம் எழுதுங்கள். இப்போதைய பையன்களுக்கு அது தெரியாது.

மணல் ஊற்று பற்றி எழுதியதும் சரியே. எங்க ஊர் வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள் இருக்கிற கிணற்றிலேயே நல்ல தண்ணீர்தான்.

அடுக்குவது பற்றி என் எண்ணம்: காற்றுப்படியே போடுங்கள். வாடை என்று ஒரு பாகம், சோழகம் என்று ஒரு பாகம். எந்தக் காற்றில் என்ன செய்தார், என்ன தின்றார், எங்கே நடந்தார் என்று எழுதினால் ஆள் எழுந்து வந்துவிடுவார்.

ஓய்வு_இருப்புப்பாதை எழுதியது:

மகளே, நானும் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். உன் ஐயாவுக்குப் பின்னால் வந்த தலைமுறை.

தங்கச்சிமடத்துத் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. காற்றுப்படி எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வருஷத்தை விட்டுவிடாதே. கேங்கில் வேலை பார்த்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. 1914-ல் திறந்த பாலம், 145 கண், நடுவில் கப்பலுக்குத் திறக்கிற ஷெர்சர் தூக்குப் பாலம் என்று எல்லாரும் எழுதுவார்கள். 64 புயலில் 126 கர்டர், அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்கள், கடலோடு போனதையும் எழுதுவார்கள். ஆறு மாசம் ஆகும் என்று நினைத்த வேலை 46 நாளில் முடிந்தது. பொறுப்பில் இருந்த பொறியாளர் இ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அமைத்தவர். அவர் பெயர் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்பத் தூக்கி வைத்த வேலையில் கயிறு பிடித்தவன், கட்டை சுமந்தவன், தண்ணீரில் நின்றவன் பெயர் எங்கே நிற்கிறது? உன் வீட்டு மலரில்தான். ஆகவே 1965 என்ற எண்ணை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடு.

கீமேன் வேலையும் ஊருக்குத் தெரியாது, விளக்கி எழுது. விடியற்காலையில் ஸ்பேனர், சாவிச் சுத்தியல், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, டெட்டனேட்டர் (ஆபத்தென்று டிரைவருக்குத் தெரிய தண்டவாளத்தில் வைக்கிற வெடி) எல்லாம் எடுத்துக்கொண்டு தன் எல்லை முழுவதும் தனியாக நடக்க வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவான், திரும்பும்போது மற்றதை. தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவான். தண்டவாளத்தில் விரிசல் கண்டால் இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்துகிற பொறுப்பு அந்த ஒருத்தன்மேல். உப்புக் காற்றில் இரும்பு அரிக்கிற வேகம் நம்ம பக்கம் ரொம்ப அதிகம். இன்றைக்கு நன்றாக இருந்தது அடுத்த மாசம் பொரிந்து நிற்கும். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி விடமாட்டார்கள். வண்டிக்குத்தான் அந்தக் கணக்கு. பாதையைப் பார்க்கிறவன் காற்றிலும் நடந்துதான் ஆகவேண்டும்.

சத்தத்தை வைத்தே சாவியைச் சொல்வார் என்று எழுதியிருக்கிறாய். பெருமைக்குச் சொன்னதில்லை அது. நல்ல கீமேனுக்குக் காதுதான் முதல் கருவி. 2007-ல் அகலப்பாதை ஆனபின் நம்ம பக்கம் கான்கிரீட் ஸ்லீப்பரும், சாவிக்குப் பதில் கிளிப்பும் வந்துவிட்டன. அந்தச் சத்தத்தைத் தெரிந்தவர்கள் இனி வரமாட்டார்கள். அதை எழுது.

வலசைப்பேத்தி எழுதியது:

ஐயா, இதைப் படித்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் போனிலேயே அழுதுவிட்டார். எங்க ஐயா பாலத்து வேலையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றதால் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது, ராத்திரி வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டு படுப்போம் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அதைத்தான் வேலையின் கதையாக நான் வைத்திருந்தேன். இப்போது முழுசாகப் புரிகிறது. 1965 முதல் பக்கத்தில் வரும்.

தென்கடல் அண்ணா, ஏழு தீவையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். பூமரிச்சான் என்ற பெயரைப் பார்த்ததும் அவர் சொன்ன ராகமே திரும்ப வந்தது. "பூ"வை மட்டும் நீட்டுவார்.

கீழக்கரைவாசி எழுதியது:

எங்க உம்மாவின் வாப்பா சங்கு குளிக்கப் போனவர். அவரைப் பற்றி நாங்கள் சின்னதாக ஒரு புத்தகம் போட்டோம், வீட்டு ஆட்களுக்கு மட்டும். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், பயன்படும்.

அவரோடு கூடப்போன பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் "எங்க தாத்தா எப்படிப்பட்ட மனுஷர்?" என்று கேட்டோம். "நல்ல மனுஷன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த தடவை போகும்போது ஒரு பச்சைச் சங்கைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தோம். அதைப் புரட்டிப் பார்த்தார், விரலால் வாய்ப்பக்கம் தடவினார், எடையைக் கையிலேயே தூக்கிப் பார்த்தார். அப்புறம் தானாக ஆரம்பித்தவர் மதியச் சாப்பாடு வரைக்கும் நிறுத்தவில்லை. மணலில் சங்கு ஊர்ந்த தடத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள், மேலே கயிறு பிடிக்கிறவனை ஏன் சொந்தத்தில் தேடுவார்கள் என்று எல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் உங்க அப்பத்தாவிடம் வெறுமனே கேட்காதீர்கள். ஐயா போன பாதைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் அவருடைய தூண்டில், தூக்குவாளி, துண்டு எதையாவது கையில் கொடுங்கள். "விடிய எழுந்ததும் முதலில் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். சின்னக் கேள்விக்குத்தான் பெரிய பதில் வரும். போனில் பதிவு செய்துவிட்டு, எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். நாங்கள் ஒரு அத்தியாயத்தை மேடைத் தமிழில் மாற்றி எழுதினோம். வாசித்துக் காட்டியபோது உம்மா, "இது வேற யாரோ" என்றுவிட்டார். முழுவதையும் பழையபடி மாற்றினோம்.

இன்னொன்று, அவசரப்படுங்கள். அந்தப் பெரியவர் புத்தகம் வருவதற்குள் மௌத்தாகிவிட்டார்.

பூநாரை எழுதியது:

ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர். மாணவர்களைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவது வழக்கம். ஒரே ஒரு கேள்விதான்: ஐயா பறவைகளைப் பற்றி ஏதாவது சொல்வாரா? கரையில் இத்தனை வருஷம் நடந்தவர் கண்டிப்பாகக் கவனித்திருப்பார். எந்த மாசத்தில் எது வந்தது என்று அவர் சொன்னது ஒரு வரி கிடைத்தாலும் எங்களுக்குப் பெரிய விஷயம். தனுஷ்கோடிப் பக்கம் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் கண்மாய்கள் அதே வருஷம் ராம்சார் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தன. ஆவணங்கள் எல்லாம் சமீபத்தியவை. அதற்கு முந்தைய காலம் இவரைப் போன்றவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

வலசைப்பேத்தி எழுதியது:

சார், சொல்வார். பூநாரை கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால், "வாடை நின்னுருச்சு, இனி வடகடல்ல எறங்காதீக" என்பார். வாடை நின்றது என்றால் ஓய்ந்தது என்று நினைக்க வேண்டாம், வந்து நிலைத்துவிட்டது என்று அர்த்தம். கடற்கரையில் ஆலாப் பறவை கூட்டமாக ஓரிடத்தில் பாய்ந்தால் கீழே மீன் கூட்டம் என்பார். இதை எல்லாம் மாசத்தோடு சேர்த்து அப்பாவிடம் கேட்டு எழுதி வைக்கிறேன்.

கீழக்கரை அண்ணா சொன்னதை உடனே செய்தேன். ஊருக்கு வந்த அன்றே அப்பத்தா கையில் ஐயாவின் தூக்குவாளியைக் கொடுத்தேன். அடி நசுங்கிய எவர்சில்வர் வாளி. அப்பத்தா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல ஒரு நாளாச்சும் சோத்தைத் திருப்பிக் கொண்டாந்தது இல்லடி. பாதி அவுக தின்னுவாக, பாதி கேட்கீப்பர் வீட்டு நாய்க்கு. அந்த நாய் லைன் முழுக்க அவுக கூடவே நடக்கும்" என்றார். நாய் கதை எங்க அப்பாவுக்கே தெரியாது! அதற்குப் பிறகு கம்மங்கூழ், நெத்திலிக் கருவாடு, பாலத்து வேலைக்குப் போன முதல் சம்பளத்தில் வாங்கிய கண்டாங்கிச் சேலை என்று வந்துகொண்டே இருக்கிறது. போனில் இடம் காலி பண்ணிப் பண்ணிப் பதிவு செய்கிறேன்.

அடுக்கும் முறையையும் முடிவு செய்துவிட்டேன். முதல் பக்கத்தில் 1965-ம், அவர் கேங்கில் இருந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாமும். அதற்குப் பிறகு வாடை, சோழகம் என்று இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் எந்த வருஷத்துச் சம்பவம் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் வரும். அப்பத்தா பேச்சு பேசியபடியே வரும். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அதை ஐயா தூண் எழும்பும்போது பார்த்தார், ரயில் ஓடிப் பார்க்கவில்லை. அதனால் மலர் அச்சானதும் ஒரு பிரதியோடு அப்பத்தாவை அந்த ரயிலில் ராமேஸ்வரம் கூட்டிப்போகப் போகிறோம்.

கேங் ஆட்களின் பெயரில்தான் இன்னும் இடைவெளி இருக்கிறது. ஓய்வு ஐயா, உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இன்னும் இருக்கிறார்களா?

ஓய்வு_இருப்புப்பாதை எழுதியது:

இருக்கிறார்கள் மகளே. வேதாளையில் ஒருவர், மண்டபத்தில் ஒருவர். மண்டபத்துக்காரர் உன் ஐயாவோடு ஒரே கேங்கில் இருந்தவர், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் சுத்தம். அந்தக் குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு வா, பெயர் எல்லாம் அவர் சொல்லிவிடுவார். சனிக்கிழமை காலையில் வந்தால் வெயிலுக்கு முன்னே இரண்டு பேரையும் பார்த்துவிடலாம். உச்சிப்புளி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்.

வலசைப்பேத்தி எழுதியது:

சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடுகிறோம் ஐயா. அப்பாவும் வருகிறார், அப்பத்தாவும் வருவேன் என்று நிற்கிறார். ஆட்டோ சொல்லியாச்சு.